வாசகர் கேள்வி – பதில்: மிஸ்ஸியின் சொல் எங்கே செல்லும்?

சென்ற இதழில், ஆஸ்பத்திரி விடுதி (வார்ட்) ஒன்றின் பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் தாதிய உத்தியோகத்தர் (மிஸ்ஸி) ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "அதிகாரம் கைக்கு வந்தால் அதைக் கண்டு கூச வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காகவே ஹட்டன், பதுளை, தலவாக்கலை, கண்டி என்று பல இடங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. 33 வருடங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற எனக்கு, இந்தக் கேள்விகளில் பல நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியவை என்றே தோன்றியது. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 38. நான்கு மாதங்களுக்கு முன் மருத்துவ விடுதியொன்றின் பொறுப்பை ஏற்றேன். என்னைவிட மூத்த இருவர், நான் எழுதும் ரோஸ்டரை (வேலை நேர அட்டவணையை) தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். சிற்றூழியர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், "பெரிய மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டுச் செய்கிறோம்" என்கிறார்கள். கையெழுத்து என்னுடையது, சொல் இன்னொருவருடையது என்ற நிலை. நான் அதிகாரத்தைக் காட்ட வேண்டுமா, அனுசரித்துப் போக வேண்டுமா?
— தாதிய உத்தியோகத்தர், ஹட்டன்

பதில்: நாம் 'அதிகாரம்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்களைப் போட்டு அடைத்து வைத்திருப்பதால்தான் இந்தக் கேள்வி உங்களை இவ்வளவு வருத்துகிறது. ரோஸ்டர் எழுதுவது, மருந்துப் பதிவேட்டைச் சரிபார்த்து ஒப்பமிடுவது, லீவுக்குச் சிபாரிசு செய்வது ஆகியவை நியமனக் கடிதத்தோடு வருபவை. கடிதத்தில் போட்ட திகதியிலிருந்தே அவை முழுமையாக உங்களுடையவை, யாரும் மறுக்க முடியாது. மற்றொன்று செல்வாக்கு. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள், செல்லும் வாக்கு. சொன்ன சொல் போய்ச் சேருகிறதா, சேர்ந்த இடத்தில் வேலை செய்கிறதா என்பது மட்டும்தான் அங்கே கணக்கு. அதற்கு நியமனத் திகதி கிடையாது. உங்கள் விடுதியின் மூத்த மிஸ்ஸியிடம் இருப்பது அதுதான், அதை அவர் உங்களிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. நீங்கள் அந்த விடுதிக்கு வருவதற்கு முன்பே, இரவு இரவாக விழித்திருந்து அவர் அதைச் சேர்த்திருக்கிறார்.

1959-இல் ஜோன் பிரெஞ்ச், பேர்ட்ரம் ரேவன் என்ற இரு சமூக உளவியலாளர்கள், ஒருவர் இன்னொருவரை இயக்கும் வலு எங்கிருந்து ஊறுகிறது என்று ஆராய்ந்து ஐந்து ஊற்றுக்களைச் சொன்னார்கள். பதவியால் வருவது, நன்மை செய்யக்கூடிய நிலையில் இருப்பதால் வருவது, தண்டிக்கக்கூடிய நிலையில் இருப்பதால் வருவது, அறிவும் கைத்திறனும் இருப்பதால் வருவது, 'இவரைப் போல் இருக்க வேண்டும்' என்று பிறர் எண்ணுவதால் வருவது என்பன அவை. சில வருடங்களின் பின் ரேவன், தகவல் கையில் இருப்பதையும் ஆறாவதாகச் சேர்த்தார். தாதியர் முகாமைத்துவப் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு, விடுதிக்குள் கால் வைத்ததும் மறந்துவிடுகிறோம். முதல் மூன்றையும் வைத்து உங்களால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று யோசித்துப் பாருங்கள். அரசாங்க சேவையில் ஒருவருடைய சம்பளத்தை உங்களால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒருவரை விடுதியை விட்டு அனுப்புவதற்கும் மேலே நாலு பேர் சம்மதிக்க வேண்டும். ஆகவே அறிவு, நன்மதிப்பு, தகவல் என்ற மற்ற மூன்றும்தான் உண்மையில் உங்கள் கைமுதல்.

நான் முதன்முதல் குழந்தைகள் விடுதியொன்றின் பொறுப்பை ஏற்றபோது அங்கும் இப்படி ஒரு மூத்தவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். ஓர் இரவு, வயிற்றோட்டத்தால் வற்றிப்போன எட்டு மாதக் குழந்தையை ஒரு தாய் தோட்ட லொறியில் கொண்டுவந்து சேர்த்தாள். இரண்டு கைகளிலும், இரண்டு கால்களிலும் நாளம் தேடி நானும் இளம் வைத்தியரும் தோற்றுப்போனோம். அவரைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசை லாச்சியிலிருந்த சிறிய டோர்ச்சை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கைக்குக் கீழே பிடித்தார். இருட்டில் சிவப்பாகத் தெரிந்த அந்தச் சின்னக் கையில் மயிரிழை போல ஒரு கருங்கோடு தெரிந்தது. ஊசி ஒரே தடவையில் உள்ளே போனது. மறுநாள் காலை, பொறுப்பு ஒப்படைக்கும் நேரத்தில், எல்லோரும் நிற்கும்போது நடந்ததை நடந்தபடியே சொன்னேன். "இந்த முறையை இளையவர்களுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அக்கா, அதற்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் ரோஸ்டரிலேயே போட்டுவிடுகிறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் ரோஸ்டரை மாற்ற விரும்பிய ஒவ்வொரு முறையும் என் மேசைக்கு வந்து கேட்டார்.

அதனால் விதியை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். முதலில் அந்த இருவரையும் தனித்தனியே, பிறர் காதில் விழாத இடத்தில் இருத்தி, ரோஸ்டரில் அவர்களுக்கு என்ன குறை என்று கேளுங்கள். வயதான மாமியாரைப் பார்க்க வேண்டிய ஒருவரை ஞாயிறு தோறும் இரவு வேலைக்குப் போட்டிருந்தால், அந்தக் குறை நியாயமானது, திருத்துங்கள். அதன் பின், 'பொறுப்பாளரின் ஒப்பமில்லாமல் வேலை நேரம் மாற்றப்படக் கூடாது' என்பதை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு உங்களுக்கு வேண்டியவர் மாற்றினாலும் விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1983-இல் சூசன் ரொபர்ட்ஸ் என்ற அமெரிக்கத் தாதியியல் அறிஞர், தாதியரின் நடத்தையை ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டத்தின் நடத்தையோடு ஒப்பிட்டு எழுதினார். மேலே இருப்பவர் மீது காட்ட முடியாத கோபம், பக்கத்தில் இருப்பவர் மீதும் கீழே இருப்பவர் மீதும் திரும்பும் என்பது அவர் சொன்னதன் சாரம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை விளக்க யாரும் தேவைப்படவில்லை. தொரை கங்காணியை ஏச, கங்காணி கொழுந்து எடுப்பவளை ஏச, அவள் வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிப்பதைச் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். பெரிய வைத்தியரிடம் ஏச்சு வாங்கிய நாளில் பயிற்சித் தாதியின் தொப்பியில் குறை கண்டுபிடித்தவர்களையும் பிற்காலத்தில் பார்த்தேன். உங்கள் விடுதியில் அது நடக்கிறதா என்று கவனியுங்கள். உங்களிடமிருந்தே தொடங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

கேள்வி: கணவர் பண்டாரவளையில் ஆசிரியர். நான் மஸ்கெலியாப் பக்கம் வேலை செய்கிறேன். மூன்று முறை இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. தோட்டத் தலைவர் மூலம் அரசியல்வாதி ஒருவரின் கடிதம் எடுத்துத் தருவதாக மாமா சொல்கிறார். எல்லோரும் செய்வதுதான் என்கிறார். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் பொறுப்பிலிருக்கும் ஒருவர், அரசியல்வாதிகளின் தொலைபேசிக்குப் பயந்து கட்டில் ஒதுக்குவதைப் பார்த்து எனக்கு வெறுப்பாக இருக்கிறது. நானும் கடிதம் வாங்கினால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?
— ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: உங்கள் மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மலையகத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கு 1988-இலும், இறுதியாக 2003-இலும் வந்த சட்டங்களோடுதான் முடிந்தது. இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் தோட்டத்து மனிதனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே நேரான பாதை இருக்கவில்லை. தொரையிடம் பேசுவதற்குக் கங்காணி வேண்டும், அரசாங்கக் கச்சேரியில் பேசுவதற்குத் தொழிற்சங்கத் தலைவர் வேண்டும். ஒரு பிறப்புச் சான்றிதழுக்குக் கூட யாராவது ஒருவரின் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். பக்கத்துக் கிராமத்தவர் உரிமையாகப் பெற்றதை நாம் தயவாகப் பெற்றோம். அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையில் போய்விடாது.

ஆனாலும் நான் உங்களுக்குக் கடிதம் வாங்கச் சொல்ல மாட்டேன். காரணத்தை என் வாழ்க்கையிலிருந்தே சொல்கிறேன், இதுவரை எங்கும் எழுதாத விடயம் இது. நானும் ஒருமுறை அப்படி ஒரு கடிதத்தோடு இடமாற்றம் பெற்றேன். தாய் படுக்கையில் இருந்தார், நியாயமான காரணம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, கடிதம் எடுத்துத் தந்தவருக்கு வேண்டிய ஒருவர் விடுதிக்கு வந்தார். முதல் நாள் அடிதடியில் தலை உடைந்து அனுமதிக்கப்பட்ட ஒருவரின் காயத்தை, படியில் விழுந்ததால் வந்தது என்று பதிவில் மாற்றித் தரும்படி கேட்டார். நான் மாற்றவில்லை. மாற்றவில்லை என்பதில் இன்றும் எனக்கு ஆறுதல். ஆனால் போகும்போது அவர், "எங்களுடைய கடிதம் வேண்டியிருந்தபோது இந்தச் சட்டமெல்லாம் எங்கே இருந்தது, மிஸ்ஸி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு என் விடுதியில் ஒரு இளம் தாதி இரவு வேலையைத் தவிர்ப்பதற்காக யாரோ ஒருவரின் கடிதத்தை மேசையில் வைத்தபோது, அவளைக் கண்டிக்க நான் வாய் திறந்தேன், சொல் வரவில்லை. முன்பு சொன்னேனே, செல்லும் வாக்கு என்று. என் வாக்கு அன்றைக்குச் செல்லாமல் போயிற்று.

உங்களுக்கு வேறு வழிகள் உண்டு. வருடாந்த இடமாற்றத் திட்டத்தில் மேன்முறையீட்டுக்கு இடமிருக்கிறது, அதைத் திகதி தவறாமல் பயன்படுத்துங்கள். விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது, எந்த அளவுகோலின்படி மற்றவர்கள் தெரிவானார்கள் என்பதை 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். உங்கள் தாதியர் சங்கத்தின் பிரதிநிதியிடம் அந்தப் பதிலோடு போங்கள். இது கடிதத்தைவிடத் தாமதமாகலாம். ஆனால் யாரும் ஒரு சனிக்கிழமை மாலை வந்து திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

அப்படியென்றால் தாதியர் தலைவி அரசியல்வாதியைக் கண்டாலே ஒதுங்க வேண்டுமா? இல்லை, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். கொழுந்து மலையில் குளவி கலைந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் காலை பத்து மணியளவில் ஒன்பது பெண்களை ஒரே லொறியில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியிலேயே கிடந்தது, கண்கள் வீங்கி மூடியிருந்தன, ஒருத்தி மூச்சு விட முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தெளிவானது. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம் அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே போட வேண்டும். வைத்தியர் ஒருவர்தான் இருந்தார், அவரும் பிரசவ அறையில் நின்றார். உத்தரவுக்காக நாங்கள் காத்திருந்த நிமிடங்களை நான் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் பிழைத்தாள். ஆனால் அந்தக் காத்திருப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று மாலை ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். குளவிக்கொட்டுக்கு இலக்காகி வந்த ஒவ்வொருவருக்கும், வந்த நேரம், தோட்டம், மூச்சுத்திணறல் இருந்ததா, ஊசி போட்ட நேரம், போட்டவர் யார் என்று எழுதினேன். எட்டு மாதம் எழுதினேன். பிறகு அதை முதலில் எங்கள் தலைமை வைத்தியரிடம் காட்டினேன். வைத்தியர் இல்லாத நிமிடங்களில் பயிற்சி பெற்ற தாதியர் ஊசியைப் போடலாம் என்று எழுத்து மூலமான பணிப்பை அவர் தந்தார். அடுத்ததாக, அவருடைய அனுமதியோடு, மாகாண சபை உறுப்பினர் ஒருவரைச் சந்திக்கச் சென்றேன். சுகாதாரம் 1987-இல் வந்த 13-ஆவது திருத்தத்தின் மூலம் மாகாணங்களுக்கும் பகிரப்பட்ட விடயம், ஆகவே கேட்க வேண்டிய கதவு அதுதான். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி வரையான தூரத்தையும், லொறியில் கழியும் நேரத்தையும் கொப்பியைத் திறந்து காட்டினேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பகுதிக்கு அம்பியூலன்ஸ் வண்டி ஒன்று வந்தது.

இரண்டும் அரசியல் செல்வாக்குத்தான். முதலாவதில் நான் கடன்பட்டவளாக வெளியே வந்தேன். இரண்டாவதில், கொப்பியைப் பார்த்த பின் பதில் சொல்லும் கடமை அந்த உறுப்பினருக்கு வந்தது. கட்டிலுக்காகத் தொலைபேசி எடுப்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பொறுப்பாளர் அழைப்பு வந்த நேரத்தையும், பேசியவர் தன்னை யார் என்று சொன்னார் என்பதையும், கேட்டது என்ன என்பதையும் ஒரு புத்தகத்தில் எழுதத் தொடங்கட்டும். "எழுதிக்கொள்கிறேன் ஐயா, வைத்தியரிடம் காட்டுகிறேன்" என்று பணிவாகச் சொல்லட்டும். எழுதப்படும் என்று தெரிந்தால் அழைப்புகள் குறையும். இதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தாதியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் எல்லோரும் விளக்கையும் கருணையையும் மட்டுமே பேசுகிறார்கள். அவருக்கும் அதிகாரத்துக்கும் தொடர்பு இருந்ததா?
— மாணவி, கண்டி

பதில்: நிறைய இருந்தது, மகள். விளக்கின் வெளிச்சத்தில் அது மறைந்துபோயிற்று. 1854 நவம்பரில் 38 தாதியரோடு, கிரிமியா யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்காகத் துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி இராணுவ ஆஸ்பத்திரியில் வந்திறங்கியபோது, அங்கிருந்த இராணுவ வைத்தியர்கள் அவரை விரும்பவில்லை. அவர் சண்டை போடவும் இல்லை, உள்ளே தள்ளிக்கொண்டு நுழையவும் இல்லை. வைத்தியர்கள் கேட்கும் வரை தன் தாதியரை வேலையில் இறங்க விடாமல் காத்திருந்தார். காயப்பட்டவர்கள் வெள்ளமாக வந்து சேர்ந்ததும் அவர்களே கேட்டார்கள். பின்னாலும் ஒரு பலம் இருந்தது. அவரை அங்கே அனுப்பியவர் பிரித்தானிய யுத்த அமைச்சுப் பொறுப்பிலிருந்த சிட்னி ஹெர்பர்ட், அவருடைய நெருங்கிய நண்பர்.

ஆனால் நண்பர் இருந்தது மட்டும் போதியிருக்காது. யுத்தத்திலிருந்து திரும்பிய பின், போர்க்காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்த சிப்பாய்களே மிக அதிகம் என்பதை, மாதவாரியாகக் கணக்கெடுத்து, வட்டமாக விரியும் வரைபடமாக வரைந்து காட்டினார். அட்டவணையைப் படிக்கப் பொறுமையில்லாத அமைச்சருக்கும் அந்தப் படம் ஒரு பார்வையில் விளங்கும். இராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய 1857-இல் அரச ஆணைக்குழு அமைந்தது. 1860-இல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் அவருடைய பெயரில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இத்தனைக்கும் அவர் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை, அந்த நாளில் பெண்ணுக்கு வாக்குரிமையே இல்லை. அடுத்த தாதியர் தின விழாவில் பேசச் சொன்னால், விளக்கோடு சேர்த்து அந்த வரைபடத்தையும் மேடையில் வையுங்கள்.

கேள்வி: என் மகள் தாதியாக இருக்கிறாள். இப்போது தாதியர் சங்கத்தில் பதவி ஏற்கப் போகிறேன் என்கிறாள். நோயாளியைப் பார்க்கிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு?
— தோட்டத் தொழிலாளி ஒருவர், தலவாக்கலை

பதில்: ஐயா, உங்கள் மகள் இரவில் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை அவள் தீர்மானிப்பதில்லை, அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டம் தீர்மானிக்கிறது. 2002-இல் லிண்டா எய்க்கன் என்பவரும் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வில், ஒரு தாதி பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும்போதெல்லாம், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுவதாகக் கண்டார்கள். அங்கே கலிபோர்னியா மாநிலத்தில் தாதியர் சங்கங்கள் பல வருடம் போராடி, ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று 1999-இல் சட்டம் இயற்ற வைத்தன. 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. மாநில ஆளுநர் அதைத் தளர்த்தப் பார்த்தபோது தாதியர் வீதிக்கு வந்து தடுத்தார்கள்.

நம் பக்கத்தையும் பாருங்கள். டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியோடு எழுந்த ஆஸ்பத்திரிக் கட்டிடத்தை, 2017 மே 12-ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்தார். அன்றைய திகதி சர்வதேச தாதியர் தினமும் கூட. கட்டிடம் அரசியலால் வந்தது, நல்லது. அப்படி எழும் எந்தக் கட்டிடத்துக்குள்ளும் எத்தனை தாதியர் நிற்பார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நோயாளியின் மொழி தெரியும் என்பதும் அரசியலால்தான் தீர்மானிக்கப்படும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறக்குறைய 2 கோடியே 80 இலட்சம் தாதியர் அப்போது இருந்தார்கள், அவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். இவ்வளவு பேர் இருந்தும் தீர்மானம் எடுக்கும் மேசைகளில் அவர்கள் மிகக் குறைவு. உங்கள் மகள் அந்த மேசைக்குப் போகட்டும். நீங்களும் சந்தாப் பணம் கட்டி ஒரு சங்கத்தில் இருந்தவர்தானே, அதன் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி: நோயாளியின் நிலை மோசமாகிறது என்று நான் சொல்லும்போது சில வைத்தியர்கள் கேட்பதில்லை. இளம் வைத்தியர்களுக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்கிறேன். மொழிபெயர்ப்பாளராக மட்டும் என்னைப் பார்க்கிறார்கள். என் தொழில் அறிவுக்கு மதிப்பு வர என்ன செய்ய வேண்டும்?
— தாதிய உத்தியோகத்தர், பதுளை

பதில்: 1967-இல் லெனார்ட் ஸ்டெயின் என்ற மனநல வைத்தியர், வைத்தியருக்கும் தாதிக்கும் இடையில் நடக்கும் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதினார். என்ன செய்ய வேண்டும் என்பது தாதிக்குத் தெரியும். ஆனால் அவர் அதைச் சொல்வதாகக் காட்டிக்கொள்ளாமல் சொல்ல வேண்டும், வைத்தியர் அதைத் தன் எண்ணமாகவே அறிவிக்க வேண்டும். "டொக்டர், அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிற மாதிரி தெரிகிறது" என்று நாம் இழுக்கிறோமே, அதுதான் அந்த விளையாட்டு. நோயாளி நன்றாக இருக்கும்வரை அதனால் பெரிய கெடுதி இல்லை. இரவு இரண்டு மணிக்கு இரத்த அழுத்தம் இறங்கும்போது, அந்த 'ஒரு மாதிரி' ஓர் உயிரின் விலை.

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த ஒரு பேச்சு முறை இருக்கிறது. இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன இருந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன் என்பதை இந்த ஒழுங்கிலேயே அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பது. "ஏழாம் கட்டில், இரத்த அழுத்தம் 80க்கு 50. நேற்றுப் பிரசவம், மாலையிலிருந்து மூன்று துணி நனைந்திருக்கிறது. உள்ளே இரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பாருங்கள்." கடைசி இரண்டு வாக்கியங்களும்தான் நமக்குக் கடினம். அவற்றைக் கண்ணாடிக்கு முன் நின்றாவது சொல்லிப் பழகுங்கள். பேசிய நேரத்தையும் கிடைத்த பதிலையும் நோயாளியின் சீட்டில், நாம் எல்லோரும் பி.எச்.டி. (பெட் ஹெட் டிக்கெட்) என்று சொல்லும் அந்தச் சீட்டில், எழுதி ஒப்பமிடுங்கள். வராவிட்டால் அடுத்த மேலதிகாரியை அழையுங்கள். அப்படி அழைப்பதற்கு அனுமதிக்கும் ஒழுங்கு உங்கள் விடுதியில் எழுத்தில் இருக்கிறதா என்று பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பதைச் சிறுமையாக எண்ணாதீர்கள். 1987-இலேயே தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது. ஆகவே தன் மொழியில் கேட்கப்படுவது அந்த நோயாளியின் உரிமை. அந்த உரிமை நிறைவேறாத இடத்தில் நடுவே நிற்பவர் நீங்கள். வைத்தியர் அறிவதெல்லாம் உங்கள் வாய் வழியாக வருவதுதான். இதைவிடப் பெரிய வலு அந்த விடுதியில் யாரிடமும் இல்லை. அதனாலேயே அதில் பிழை செய்வதும் எளிது. நான் இளம் தாதியாக இருந்த காலத்தில், அறுபது வயதுக் கொழுந்துக்காரி ஒருத்தி, "காலையில இருந்து நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு, கை வலிக்குது, கொழுந்து பறிச்சதால இருக்கும், சாமி" என்றாள். அவசரத்தில் நான் வைத்தியரிடம், "வேலை செய்து கை வலியாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். வலி மாத்திரை எழுதினார். நெஞ்சுப் பகுதியை நான் விட்டுவிட்டேன் என்பது பத்து நிமிடம் கழித்து, அவள் கட்டிலில் வியர்த்து ஊற்றுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மாரடைப்பு. அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை, நோயாளி சொன்ன வாக்கியம் முழுவதையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் என் கருத்தைச் சொன்னேன். "அவர் சொல்வது இது" என்று ஒரு வாக்கியம், "தாதி என்ற முறையில் நான் நினைப்பது இது" என்று அடுத்த வாக்கியம். நாளைக் காலை ரவுண்ட்ஸில் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கேட்கும் வைத்தியர் முதல் வாக்கியத்துக்கு நோயாளியைப் பார்ப்பார், இரண்டாவதுக்கு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.